தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செலவில்லாமல் என்ன செயல்திட்டம் கொடுக்கலாம்?

காரைக்குடிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கிறேன். மொத்தம் 24 பிள்ளைகள். செயல்திட்டம் எதுவானாலும் சரி, வீட்டுக்குக் கொடுத்து அனுப்பாதீர்கள்.

அந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் "ஒரு வீட்டின் மாதிரி செய்து வாருங்கள்" என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை ஏழு தெர்மாகோல் வீடுகள் வந்து இறங்கின. ஏழும் ஒரே கடைச் சரக்கு. ஒன்றில் விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. கூலி வேலைக்குப் போகும் அம்மாவின் மகள் ஒருத்தி அன்று பள்ளிக்கே வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். என்ன காய்ச்சல் என்று எனக்குத் தெரியும்.

2022-இல் அரசின் 'எண்ணும் எழுத்தும்' என்ற அடிப்படைக் கற்றல் திட்டம் வந்த பிறகு பாட்டு, கதை, கைப்பாவை, அட்டை என்று அன்றாடச் செயல்பாடுகளுக்குக் குறைவில்லை. நாள்கணக்கில் ஒன்றையே பிடித்துக்கொண்டு செய்யும் வேலைக்குத்தான் நாம் யோசிக்க வேண்டியிருக்கிறது. செட்டிநாட்டில் இருப்பவர்களுக்கு அதுவும் காலடியிலேயே கிடக்கிறது.

என் வகுப்புப் பையன் ஒருவனின் மாமா ஆத்தங்குடிக் கல் என்னும் பூப்போட்ட தரைக்கல் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறார். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு காலைப்பொழுது எல்லாரையும் அழைத்துப் போனேன். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கிய பிறகு மேலே மணலும் சிமெண்டும் போட்டு நிரவுகிறார்கள். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். கண்ணாடியில் படிந்திருந்த பக்கம்தான் பிறகு தரையில் மேற்பக்கமாகிறது. அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது.

"என் பெயரைக் கல்லில் எழுத முடியுமா?" என்று ஒருத்தி கேட்டாள். "எழுதலாம் கண்ணு, ஆனால் திருப்பி எழுத வேண்டும்" என்றார் மாமா. மறுநாள் பாடத்திட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு, கண்ணாடியில் பார்த்தால் சரியாகத் தெரியும்படி எல்லாரும் அவரவர் பெயரை எழுதினோம். 'ட' புரண்டது, 'க' பாடாய்ப் படுத்தியது, 'ப' மட்டும் கவலையில்லாமல் நின்றது. சமச்சீர் என்ற சொல்லை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்துக் காகிதக் கல். ஆளுக்கொரு 20 சென்டிமீட்டர் சதுரம், பழைய நாள்காட்டித் தாள்களின் வெள்ளைப் பக்கத்தில் வெட்டியது. மூலையில் கால் பூ வரைந்து வண்ணம் தீட்ட வேண்டும். நான்கு பேர் கற்களைச் சேர்த்தால் முழுப் பூ. சேர்த்துப் பார்த்தால் பூ வரவில்லை! எல்லாரும் ஒரே திசையில் வைத்திருந்தார்கள். சொல்லிவிடலாம் என்று நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். பத்து நிமிடச் சண்டைக்குப் பிறகு ஒருவன் கல்லைத் திருப்பினான், அடுத்தவள் தன்னுடையதை இன்னும் ஒரு முறை திருப்பினாள், பூ கூடியது.

24 கற்கள், ஆறு பூக்கள். பரப்பளவு போடச் சொன்னேன். ஒரு கல் 400, மொத்தம் 9,600 சதுர சென்டிமீட்டர். "ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கல் குறைகிறது டீச்சர்" என்றான் ஐந்தாம் வகுப்புப் பையன். சரி, இருபத்தைந்தாவதை நான் வரைந்தேன். இப்போது ஐந்துக்கு ஐந்தாக அடுக்கினால் சதுரம் வருகிறது, ஓரத்துப் பூக்கள் உடைகின்றன. பூவா, சதுரமா? வாக்கெடுப்பில் பூ வென்றது. என் கல்லைத் தனியாக மேலே ஒட்டிவிட்டார்கள். இதை நான் திட்டமிடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இன்னும் இரண்டு சொல்கிறேன். ஒரு பிள்ளையின் அப்பத்தாவை வரவழைத்துக் கொட்டான் என்னும் ஓலைக்கூடை பின்னக் கற்றுக்கொண்டோம். நனைத்த பனையோலை, ஒன்று மேலே, ஒன்று கீழே. அவர் ஓலையைச் சாண் கணக்கில் நறுக்கச் சொல்ல, ஆளுக்கொரு நீளத்தில் ஓலை வந்தது. அப்பத்தா வைத வசவிலேயே அடிக்கோல் எதற்கு என்பது எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

ஐப்பசி மழைக்கு வெட்டிய பாட்டிலில் மழைமானி வைக்கலாம். பாட்டிலின் அடி மேடும் பள்ளமுமாக இருப்பதால் முதலில் அது மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி அந்த இடத்தில் பூஜ்யம் குறியுங்கள். நாங்கள் முதல் வாரம் இதை மறந்து அளவெல்லாம் பாழாயிற்று. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர். இதைச் சொன்னதும் முற்றம் வைத்த வீட்டுப் பிள்ளைகள் அளவுநாடாவோடு கிளம்பிவிடுவார்கள். ஊருணியை அளக்க மட்டும் தனியாக அழைத்துப் போகாதீர்கள், துணைக்கு ஆள் வேண்டும்.

ஒட்டுவதற்கு மைதாப் பசை போதும். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலக்கும் பழக்கம் உண்டு. அது நஞ்சு, பிள்ளைகள் கைபடும் இடத்தில் வேண்டாம். நாங்கள் கலக்கவில்லை. அரையாண்டு விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் ஆறு பூக்களும் அப்படியே இருந்தன. மேலே தனியாக இருந்த என் கல்லை மட்டும் எலி தின்றிருந்தது.