வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

வணக்கம் ஐயா,

மகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்புவது பற்றி என்னிடம் ஆலோசனை கேட்க, போன ஞாயிற்றுக்கிழமை அவளோடு வந்திருந்தபோது, கிளம்புகிற நேரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டே, "வீட்டை வெச்சு அனுப்பிடலாமா மேடம்?" என்று கேட்டீர்கள். வாசலில் அடுத்த குடும்பம் காத்திருந்தது. நான் "பார்க்கலாம் சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வேலூரிலிருந்து ஆம்பூர் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு போயிருப்பீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்க வேண்டாம். அதற்காகப் பாப்பா இந்தப் படிப்பைப் படிக்கக் கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அன்றைக்கு நாம் மூன்று பேரும் மூன்று வெவ்வேறு படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். நீங்கள் "இங்கிலீஷ் எம்ஏ" என்றீர்கள். பாப்பா "கிரியேட்டிவ் ரைட்டிங்" என்றாள். நீங்கள் கையில் வைத்திருந்த கன்சல்டன்சி தாளில் "காம்போசிஷன்" என்றும் ஒன்று இருந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இந்த மூன்றும் பெரும்பாலும் ஒரே துறையின் கூரைக்கு அடியில்தான் இருக்கும். ஆனால் செய்கிற வேலை வேறு, சேர்க்கிற முறை வேறு.

இலக்கியம் என்றால் மற்றவர்கள் எழுதியதைப் படித்து அதைப் பற்றி ஆராய்ந்து எழுதுவது. நம்ம ஊர்க் கல்லூரிகளின் எம்ஏ இதுதான். கிரியேட்டிவ் ரைட்டிங் என்றால் தானே கதை, கவிதை எழுதுவது. ஒருவர் எழுதியதைப் பத்துப் பன்னிரண்டு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து அலசுவார்கள், எழுதியவர் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936-ல் தொடங்கிய பட்டறைதான் இதற்கு முன்னோடி. இந்தப் படிப்புக்கு எம்எஃப்ஏ என்று பெயர், இரண்டு அல்லது மூன்று வருடம். இங்கிலாந்திலும் உண்டு, அங்கே எம்ஏ ஒரே வருடத்தில் முடிந்துவிடும். ஆனால் அதற்குப் பெரும்பாலும் நம் பணத்தைத்தான் கட்ட வேண்டும்.

காம்போசிஷன் என்றதும் நீங்கள் சிரித்தீர்கள். "எட்டாங்கிளாஸ்ல பசுவைப் பத்தி எழுதுவோமே, அதுவா?" என்றீர்கள். ஏறக்குறைய அதுதான் ஐயா! அமெரிக்காவில் இன்ஜினியரிங், நர்சிங், காமர்ஸ் என்று எதில் சேர்ந்தாலும் அநேகமாக எல்லா மாணவர்களும் முதல் வருடத்தில் கட்டுரை எழுதப் பழக்கும் பாடம் ஒன்றைப் படித்தாக வேண்டும். 1885-ல் ஹார்வர்டில் முதலாண்டுப் பாடமாக வைத்தார்கள், அப்புறம் நாடு முழுக்கப் பரவியது. ஒரு வகுப்பில் இருபது, இருபத்தைந்து பேருக்கு மேல் வைத்தால் கட்டுரை திருத்த முடியாது. அப்படியென்றால் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றுக்கு எத்தனை வகுப்பு வேண்டும், எத்தனை ஆசிரியர் வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அத்தனை பேரையும் முழுநேரச் சம்பளத்துக்கு வைக்க அவர்களிடம் பணம் இல்லை. அதனால் ஆங்கிலத் துறையில் எம்ஏ, எம்எஃப்ஏ, பிஎச்டி படிக்க வருகிறவர்களையே அந்த வகுப்புகளை எடுக்க வைக்கிறார்கள். அதற்குப் பதிலாகக் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாதாமாதம் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் இழுத்துப் பிடித்தால் போதுமான ஒரு தொகை கொடுக்கிறார்கள். டீச்சிங் அசிஸ்டன்ட்ஷிப் என்று பெயர். வாரத்துக்கு இருபது மணி நேர வேலை என்பது கணக்கு, கட்டுரை திருத்துகிற வாரத்தில் அது கணக்கோடு நிற்காது.

நீங்கள் சிரித்த அந்தக் காம்போசிஷன்தான் அங்கே ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறது. கதை எழுதப் போகிறவரும், ஷேக்ஸ்பியரை ஆராயப் போகிறவரும் அந்த வகுப்பை எடுத்துத்தான் படிக்கிறார்கள். அதையே தனித்துறையாக எடுத்து, எழுத்தை எப்படிக் கற்பிப்பது என்று ஆராய்ந்து பிஎச்டி வாங்குகிறவர்களும் உண்டு. அங்கே இலக்கியம் முடித்தவர்களைவிட அவர்களுக்கு வேலைவாய்ப்பு சற்று மேல் என்றுதான் பல வருடமாகப் பேச்சு.

ஆகவே நீங்கள் ஒவ்வொரு இடத்திலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: கட்டணத் தள்ளுபடியும் உதவித்தொகையும் சேர்த்துத் தருகிறீர்களா, எத்தனை வருடத்துக்கு? சேர்க்கைக் கடிதத்தில் அது எழுத்தில் இருந்தால் அனுப்புங்கள். "இடம் உண்டு, பணம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று வந்தால், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிடுங்கள். கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கிற பிள்ளைக்குக் கடன் வாங்கி அனுப்புவது வேறு கணக்கு. படிப்பு முடிந்ததும் அமெரிக்காவில் வேலை பார்க்க ஒரு வருட அனுமதி எல்லோருக்கும் உண்டு. கூடுதலாக 24 மாதம் கிடைப்பது அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கு மட்டும்தான், ஆங்கிலம் அந்தப் பட்டியலில் இல்லை. அந்த ஒரு வருடத்துக்குள் வீட்டுக்கடனை அடைக்கிற அளவுக்குக் கவிதை எழுதி யாரும் சம்பாதிப்பதில்லை.

இதை நான் அனுபவப்பட்டுத்தான் சொல்கிறேன். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், காட்பாடிப் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு இடம் கிடைத்த சந்தோஷத்தில் உதவித்தொகைப் பக்கத்தை நான் சரியாகப் படிக்கவே இல்லை. அவன் அப்பா ஏஜென்ட் பேச்சை நம்பினார், நானும் தடுக்கவில்லை. ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கிகள் பொதுவாகச் சொத்து ஜாமீன் கேட்கும், அவரும் வீட்டைக் கொடுத்தார். பையன் நன்றாகத்தான் படித்தான். இப்போது சென்னையில் வேலையில் இருக்கிறான், சம்பளத்தில் பாதி அந்தக் கடனுக்குப் போகிறது. அவனை எங்கேயாவது பார்த்தால் எனக்குத்தான் முகம் கொடுக்க முடிவதில்லை.

இன்னொன்று. 2025-ல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் இலக்கியம், வரலாறு போன்ற மனிதவியல் துறைகளில் பிஎச்டி சேர்க்கையைக் குறைத்தன. அதே வருடம் மாணவர் விசாவுக்குப் புதிதாக நேர்காணல் தேதி கொடுப்பதே சில வாரம் நின்றுபோயிற்று. எனவே இந்த ஒரு கதவை மட்டும் தட்டிக்கொண்டு நிற்கக் கூடாது.

சரி, பாப்பா விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் மார்க்‌ஷீட் ஃபைலைத் திறந்து, இரண்டாம் செமஸ்டரில் ஒரு அரியர் இருந்ததை ஏதோ குற்றம் மாதிரி தலைகுனிந்து சொன்னீர்கள். அது கிளியர் ஆகிவிட்டது, விடுங்கள். நான் பார்த்தது அவள் பையில் இருந்த நோட்டை. நீங்கள் டீ குடிக்க வெளியே போயிருந்தபோது இரண்டு பக்கம் வாசிக்கச் சொன்னேன். முதல் இரண்டு பாரா, உள்ளதைச் சொன்னால், குப்பை. மழை, வானவில், உடைந்த இதயம். மூன்றாவது பாராவில் அவள் அம்மா வந்தார். ராத்திரி பாத்திரம் கழுவி முடித்துவிட்டு, ட்யூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து ஷூ அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறார். தைத்து முடித்த ஜோடியை வாய்விட்டு எண்ணுகிறார். பன்னிரண்டு வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறார், ஏனென்றால் சரக்கு கொடுத்தவர் சீட்டில் டஜன் கணக்குதான். "எங்கள் வீட்டில் பதிமூன்று என்ற எண்ணை நான் கேட்டதில்லை" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். ஒரு ஆர்டிகிள் விட்டுப்போயிருந்தது, அதனால் என்ன?

எம்எஃப்ஏ-வில் சேர்க்கிறவர்கள் தேடுவது இந்த மாதிரி ஒரு வரியைத்தான். மதிப்பெண் எல்லாம் அப்புறம். கதை எழுதுகிறவர்களிடம் பொதுவாக இருபது, இருபத்தைந்து பக்கம் கேட்பார்கள். அவளிடம் இப்போது தேறுவது முக்கால் பக்கம். மீதியை எழுத இரண்டு வருடமாவது வேண்டும். இலக்கியத்துக்கோ காம்போசிஷனுக்கோ போவதானால் கதைக்குப் பதில் ஆய்வுக் கட்டுரை கேட்பார்கள். பழைய பஸ் ஸ்டாண்டில் வாங்கின கைடிலிருந்து எடுத்து எழுதினது அதற்கு ஆகாது. இப்போது ஏஐ-யிடம் எழுதி வாங்குகிறார்கள். மாணவர்கள் எழுதுவதைத் திருத்துவதே பிழைப்பாக இருப்பவர்களுக்கு நாலாவது வரியில் வாடை அடித்துவிடும்.

இரண்டு வருடத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நம்முடைய பிஏ மூன்று வருடம், அங்கே நாலு வருடம். மூன்று வருடப் பட்டத்தை ஏற்காத பல்கலைக்கழகங்கள் அங்கே நிறைய. இங்கே எம்ஏ முடித்துவிட்டால் அந்தச் சிக்கலே இல்லை.

எம்ஏ எங்கே? வேலூரில் ஊரிசு, ஆக்ஸீலியம் கல்லூரிகள் பக்கத்திலேயே இருக்கின்றன, வீட்டுச் சாப்பாட்டோடு போய் வரலாம், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரு முயற்சி செய்து பாருங்கள் என்பேன். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரி, ஹைதராபாத் இவற்றுக்கு கியூட் பிஜி என்கிற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். சென்னை ஐஐடியில் ஆங்கிலத்துக்கு இரண்டு வருட எம்ஏ இருக்கிறது, கேட் என்கிற அகில இந்தியத் தேர்வு வழியாகச் சேர்க்கிறார்கள். "கேட் இன்ஜினியர்களுக்குத்தானே?" என்று பாப்பாவே கேட்டாள். இல்லை, 2021-லிருந்து மனிதவியலுக்கும் தாள் உண்டு. 100 மதிப்பெண்ணில் 60 ஆங்கில இலக்கியத்துக்கு, மீதி பொதுத் திறனும் வாசிப்பும் தர்க்கமும். மூன்றாம் வருடம் படிக்கும்போதே எழுதலாம். கிடைக்கவில்லை என்றால் ஊரிசு எங்கேயும் ஓடிவிடப் போவதில்லை.

எம்ஏ இரண்டாம் வருடத்திலேயே நெட், அதாவது கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு, எழுதட்டும். அதில் ஜேஆர்எஃப் என்கிற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் இந்தியாவிலேயே பிஎச்டி செய்ய முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. யாருடைய வீட்டையும் அடமானம் வைக்க வேண்டாம். நெட் மட்டும் தேறினாலும் கல்லூரி ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். பள்ளிக்கூடம் என்றால் பிஎட்டும் முடித்து டிஆர்பி, அதாவது ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்வு, எழுத வேண்டும். நீங்கள் மனதில் வைத்திருந்தது அதுதான் என்று தெரியும். நல்ல வேலைதான், ஆனால் தேர்வு எப்போது அறிவிப்பார்கள் என்று காலண்டர் பார்த்துக்கொண்டே வயது போய்விடும். இதற்கிடையில் சென்னையில் வெளிநாட்டு ஆய்வு இதழ்களுக்கு காப்பி எடிட்டிங் செய்து கொடுக்கும் நிறுவனங்கள் ஏராளம். ஆரம்பச் சம்பளம் சுமார்தான், ஆனால் ஒரு வருடம் அங்கே உட்கார்ந்தால் கமா எங்கே வரும் என்பது கைக்குப் பழகிவிடும்.

இப்போதே செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. வெளிநாட்டுக்கு மூன்று ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். நம்ம பக்கத்தில் வழக்கம் என்ன? "நீயே எழுதிக் கொண்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தரேன்." அங்கே அது செல்லாது. ஆசிரியரே ஆன்லைனில் ஏற்ற வேண்டும், மாணவியைப் பற்றி அவருக்குச் சொந்தமாக ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். "ஒழுக்கமானவள், வகுப்புக்குத் தவறாமல் வருவாள்" என்று எழுதினால் நூறு கடிதத்தில் அதுவும் ஒன்று. எனவே இரண்டு ஆசிரியர்களிடமாவது தான் எழுதியதைக் காட்டி, திட்டு வாங்கி, திருத்தி மறுபடி காட்டட்டும். அப்புறம் பேச்சு. வகுப்பு எடுக்கப் போகிறவர்களுக்கு ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியில் தனியாக ஒரு வரம்பு வைக்கிற பல்கலைக்கழகங்கள் உண்டு. என் முன்னால் அவள் பேசியது மொத்தம் ஐந்தாறு வாக்கியம், அதில் மூன்றை உங்களைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். கோபித்துக்கொள்ளாதீர்கள், வீட்டில் அவளைக் கொஞ்சம் பேச விடுங்கள்.

தமிழில் எழுதுகிறாளா என்று அன்று கேட்க மறந்துவிட்டேன். இரண்டு மொழியும் கைவசம் இருந்தால் மொழிபெயர்ப்பு என்று இன்னொரு வழி இருக்கிறது. அயோவாவில் இலக்கிய மொழிபெயர்ப்புக்கென்றே ஒரு எம்எஃப்ஏ நடத்துகிறார்கள். ஆம்பூர்த் தமிழும், தெருவில் கேட்டு வளர்ந்த உருதுவும் தெரிந்த பிள்ளை அங்கே அதிகம் பேர் வர மாட்டார்கள்.

வருகிற ஞாயிறு பத்து மணிக்கு வர முடியுமா? ஃபைல் வேண்டாம், அந்த நோட்டை மட்டும் எடுத்து வரச் சொல்லுங்கள். அம்மாவையும் அழைத்து வாருங்கள். பன்னிரண்டோடு நிறுத்திவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவது நிஜமா, இல்லை பாப்பா கற்பனையா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.