செயலி காட்டும் சிவப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு இது 22-வது வாரம். உயரம் 160 செ.மீ. கர்ப்பத்துக்கு முன் 62 கிலோ இருந்தேன். 18-வது வாரத்தில், 65 கிலோ இருந்தபோது, கர்ப்பிணிகளுக்கான ஒரு செயலியைப் போனில் ஏற்றினேன். இப்போது 66.8 கிலோ. எடையைப் பதியும்போதெல்லாம் வரம்பு தாண்டிவிட்டதாகச் சிவப்பில் காட்டுகிறது. பயந்துபோய் இரவுச் சாப்பாட்டைக் குறைத்துவிட்டேன். வீட்டிலோ இரண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடச் சொல்கிறார்கள். யாரை நம்புவது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் இரவுச் சாப்பாட்டைப் பழையபடி சாப்பிடுங்கள். மற்றதை அப்புறம் பார்ப்போம்.

நான் மருத்துவர் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் இருக்கும் எண்களைக் கூட்டிக் கழித்துப் பார்க்க மருத்துவர் தேவையில்லை. செயலி எடையைக் கேட்டபோது அன்றைய 65 கிலோவைக் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கணக்கு தொடங்க வேண்டியது கர்ப்பத்துக்கு முந்தைய எடையிலிருந்து. 62 கிலோவுக்கு உங்கள் உடல் நிறை குறியீடு, அதாவது பிஎம்ஐ, சுமார் 24.2. 65 கிலோ என்றால் 25.4. பரவலாகப் பயன்படும் அட்டவணை 2009-இல் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் என்ற அமைப்பு வெளியிட்டது. அதில் 25 ஒரு எல்லைக்கோடு. அதற்குக் கீழே, 18.5 வரை உள்ளவர்களுக்குக் கர்ப்பகாலம் முழுவதும் 11.5 முதல் 16 கிலோ வரை கூடலாம். மேலே, 30-க்குள் இருப்பவர்களுக்கு 7 முதல் 11.5 வரைதான். மூன்று கிலோ வித்தியாசத்தில் செயலி உங்களை அடுத்த வரிசையில் உட்கார வைத்துவிட்டது. அந்த வரிசையில் வாரத்துக்குக் கூடலாம் என்ற அளவும் குறைவு. அதனால்தான் நான்கு வாரத்தில் கூடிய 1.8 கிலோ அதற்கு அதிகமாகத் தெரிந்திருக்கும்.

சரியான வரிசையில் பார்த்தால், முதல் மூன்று மாதத்தில் அரை கிலோ முதல் 2 கிலோ, அதன்பிறகு வாரத்துக்கு 350 முதல் 500 கிராம். அதன்படி இப்போது நீங்கள் ஏறக்குறைய 65.7-க்கும் 68.5-க்கும் இடையில் இருக்கலாம். 66.8 அதற்குள்தான் வருகிறது. செயலியின் அமைப்புகளுக்குப் போய் தொடக்க எடையை மாற்றுங்கள். மாற்ற வழியே இல்லாத செயலி என்றால் நீக்கிவிடுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். ஆசியர்களுக்கு 25-க்குப் பதில் 23-ஐ எல்லையாக வைத்துப் பார்க்கும் மருத்துவர்களும் உண்டு. உங்கள் 24.2 அந்த இடைவெளியில் விழுகிறது. எந்த வரம்பு உங்களுக்கு என்பதை அடுத்த பரிசோதனையில் மருத்துவரிடம் கேட்டு, அந்த எண்ணையே செயலியில் போட்டுக்கொள்ளுங்கள். இரட்டைக் குழந்தைகள் என்றால் வரம்புகளே வேறு.

தினமும் எடை பார்க்காதீர்கள். நீர் கோர்ப்பது, மலச்சிக்கல், முந்தைய நாள் சாப்பிட்ட உப்பு எல்லாமே முள்ளை அசைக்கும். வாரம் ஒருமுறை, காலையில், ஒரே இயந்திரத்தில் பார்த்தால் போதும். ஒரு வாரத்து எண்ணுக்கு அதிக மதிப்பில்லை. நான்கைந்து வாரத்துக் கோடு எப்படிப் போகிறது என்பதைப் பாருங்கள். செயலியால் உண்மையான உபயோகம் அந்தக் கோடுதான். அதை மருத்துவரிடம் காட்டுங்கள். செயலி போடும் பாராட்டையும் திட்டையும் அணைத்து வைக்கலாம். எடை குறைப்பதற்கென்றே செய்த கலோரி செயலிகளின் பக்கம் இப்போது போகவே வேண்டாம்.

வீட்டாருக்கும் ஒரு பதில். இரண்டாம் மும்மாதத்தில் கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு நாளைக்குச் சுமார் 340 கலோரி, கடைசி மும்மாதத்தில் 450 வரை. இன்னொரு ஆளின் முழுச் சாப்பாடு இல்லை. கூடும் எடையும் முழுக்கக் கொழுப்பில்லை: குழந்தை, நஞ்சுக்கொடி, பனிக்குட நீர், கூடும் ரத்தம், வளரும் கருப்பை எல்லாம் அதில் சேர்த்தி.

ஓரிரு நாளில் எடை திடீரென ஏறினாலோ, முகமோ கையோ வீங்கினாலோ, விடாத தலைவலியோ பார்வை மங்கலோ வயிற்றின் மேல்பகுதியில் வலியோ வந்தாலோ அது ரத்த அழுத்தம் சார்ந்த முன்சூல்வலிப்பாக இருக்கலாம். செயலி பச்சை காட்டினாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் பிரசவத் தேதியும் உடல்நிலையும் விளம்பரக்காரர்களுக்கு விலையுள்ள தகவல். தொடர்பு எண்கள், இருப்பிடம் ஆகியவற்றுக்கான அனுமதியை அந்தச் செயலி கேட்டிருந்தால் இன்றே ரத்து செய்யுங்கள். எடையைக் குறித்து வைக்க அவை எதற்கு?