அந்தச் சிவப்பைப் பார்த்தவர்

அன்புள்ள அக்காவுக்கு,

மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நாலு வருடமாக வேலை பார்க்கிறேன். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, டயபர் மாற்றுவது எல்லாம் நாங்கள்தான். எங்கள் எல்லோருக்கும் ஒரே பெயர்: ஆயா. போன மாதம் ஒரு அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே சிவந்திருந்ததைச் சொன்னேன். 'உன் வேலையைப் பாரு' என்றார்கள். நாலாம் நாள் புண்ணாகிவிட்டது. ஏச்சும் எனக்குத்தான். புதிதாக வருகிறவர்கள் இரண்டு மாதம்கூட நிற்பதில்லை. சம்பளத்தைக் கூட்டினால் நிற்பார்கள் என்கிறார் மேனேஜர். அது மட்டும் போதுமா அக்கா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

சம்பளம் கூடத்தான் வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஆனால் எனக்கு அந்தச் சிவப்புதான் மனதை விட்டுப் போகவில்லை.

விரலால் அழுத்தி எடுத்தபிறகும் வெளுக்காத சிவப்பு என்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. நம் கறுத்த தோலில் அது கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. அந்த இடத்துச் சூடும் கெட்டியும் தினமும் குளிப்பாட்டுகிற கைக்குத்தான் தெரியும். அந்தக் கை சொன்னதைத்தான் அங்கே தள்ளிவிட்டார்கள்.

என் அம்மா பாம்பனிலிருந்து தீவுக்குக் கடல்பாசி எடுக்கப் போனவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு மரிக்கொழுந்துப் பாசி பிய்ப்பார். 'நீவாடு மாறுது', அதாவது கடல் நீரோட்டம் மாறுது, என்று கூட்டத்தில் சின்னப்பெண் ஒருத்தி சொன்னாலும் எல்லோரும் வத்தைப் படகில் ஏறிவிடுவார்களாம். சொன்னவள் யார் என்று பார்க்கமாட்டார்கள்.

டூட்டி மாறும்போது பத்து நிமிடம் ஒதுக்கச் சொல்லுங்கள். முதலில் நீங்கள் பேச வேண்டும். சிஸ்டர் அதை நோட்டில் எழுதி, சொன்னவர் பெயரையும் போடவேண்டும். பெயர் இருந்தால் நாலு நாள் கழித்து யாரும் பழியை மாற்றிப் போடமுடியாது. உட்கார்ந்து பேசுங்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. நாளெல்லாம் ஆளைத் தூக்கி இறக்குகிறவர்களுக்கு ஒரு ஸ்டூல் போட என்ன கஷ்டம்?

அப்புறம், நைட் டூட்டி. நகர முடியாதவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்கிறார்கள். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒற்றை ஆளாக இழுத்தால் அவர் தோலும் உரியும், உங்கள் முதுகும் போகும். ராத்திரிக்கு ஒரே ஆளை விட்டுவிட்டுக் காலையில் புண்ணுக்காக அவரை ஏசுவது அநியாயம். இதை உங்கள் மேனேஜரிடம் நான் நேரிலேயே சொல்வேன்.

இந்தப் பதிலை அவரிடம் காட்டுங்கள், இல்லத்தின் பெயர் எங்கும் இல்லை. அந்த அம்மாவுக்குப் புண் ஆறுகிறதா? எழுதுங்கள். எழுதும்போது உங்கள் பெயரை எனக்கு மட்டுமாவது சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா