தினமும் கண்ணில் படுகிற பறவை அருகிய இனமா?

எங்கள் கோத்தகிரி வீட்டுக்குப் பின்னால் சோலைக்காட்டோரத்தில் நீலகிரி சோலைக்கிளியைத் தினமும் பார்க்கிறோம். அதைப் போய் 'அருகிய இனம்' என்கிறார்களே, ஏன்?

முதலில், இது கிளி அல்ல. சுமார் 15 செ.மீ. நீளமுள்ள, நீலச்சாம்பல் நிறப் பாடும் பறவை. பெயர் மலையாள வழக்கு; மலையாளத்தில் எந்தச் சிறு பறவையும் கிளிதான்!

உங்கள் கொல்லையில் எத்தனை இருக்கின்றன என்று பார்த்து இந்த நிலையை முடிவு செய்வதில்லை. உலகத்தில் எவ்வளவு இடத்தில் இருக்கிறது என்பதும் கணக்கு. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில், பரவல் எல்லை 5,000 சதுர கி.மீ.க்குள் அடங்கினால் அருகிய இனமாகலாம். அது மட்டும் போதாது. வாழிடம் துண்டுபட்டுக் கிடப்பது, தொடர்ந்து குறைவது, எண்ணிக்கை தாறுமாறாக ஏறி இறங்குவது, இந்த மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். சோலைக்கிளிக்கு முதலிரண்டும் பொருந்துகின்றன. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரி, வயநாடு, கர்நாடகத்தின் பாபா புதன் மலை உச்சிச் சோலைகளை விட்டால் அதற்கு வேறு போக்கிடம் இல்லை. அந்தச் சோலைகளையும் தேயிலையும் தைலமரமும் சீகை (வாட்டில்) மரமும் கூறுபோட்டுவிட்டன.

வருகிற பறவை தொடர்ந்து வர வேண்டுமானால் சோலையோரச் சருகைக் கூட்டி எரிக்காதீர்கள். அதன் சாப்பாடே சருகுக்கடியில் இருக்கும் பூச்சிகள்தான். காலையிலும் மாலையிலும் வீட்டுப் பூனையை வெளியே விடாதீர்கள்.

கொடைக்கானலில் இருப்பதும் இதேதானா?

இல்லை, அது வெண்வயிற்றுச் சோலைக்கிளி. விலாவைப் பாருங்கள்: நீலகிரிப் பறவைக்குச் செம்பழுப்பு, அதற்கு நீலச்சாம்பல். பட்டியலில் ஒரு படி குறைந்த ஆபத்தில், 'அழிவாய்ப்பு' நிலையில் இருக்கிறது.

கைப்பேசியில் குரலைப் போட்டால் பக்கத்திலேயே வருகிறது. அப்படிப் படம் எடுக்கலாமா?

வேண்டாம். தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் புகுந்துவிட்டது என்று எண்ணித்தான் வருகிறது. இரை தேடுகிற நேரம் வீணாகும். ஏப்ரல் முதல் ஜூன் வரை இன்னும் மோசம்: மரப்பொந்திலோ மண்சரிவிலோ, தரையை ஒட்டிய கூட்டில் இரண்டே முட்டைகள், பறவை உங்கள் பின்னால் அலைந்தால் அவற்றைக் காப்பது யார்?

விடியற்காலையில் பாதையோரமாகப் 15 நிமிடம் அசையாமல் நில்லுங்கள். சருகைப் புரட்டிக்கொண்டு தானாக வெளியே வரும். அந்த நேரத்தில் பார்த்த, கேட்ட எல்லாப் பறவைகளையும் பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இபேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்றுங்கள். ஒன்றே ஒன்றைப் பார்த்தாலும் 1 என்று எண்ணைப் போடுங்கள். பலர் சோம்பல்பட்டு 'எக்ஸ்' போட்டுவிடுகிறார்கள். பறவை இருந்தது தெரியுமே தவிர, எத்தனை என்ற கணக்குக்கு அது உதவாது.