உடற்பயிற்சி தொடங்கிய இரண்டே நாளில் உடம்பெல்லாம் வலி. தொடரலாமா, நிறுத்திவிடலாமா?

"ஜிம்மில் சேர்ந்து இரண்டு நாள்தான் ஆகிறது, தொடை கல்லாகக் கிடக்கிறது, மாடிப்படி இறங்க முடியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். ஏற முடியவில்லை என்று சொல்லாமல் இறங்க முடியவில்லை என்றீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது.

நான் ரங்கூன்காரன். டவுன்டவுனில் ஆறாவது மாடி, லிஃப்ட் கிடையாது. போன வருஷம் சுகர் எல்லையில் நிற்கிறது, உடம்பை அசையுங்கள் என்றார் டாக்டர். ஜிம்முக்கு எதற்குக் காசு, பிள்ளையாருக்குப் போடும் தோப்புக்கரணம் இருக்கிறதே என்று ஒரு சனிக்கிழமை காலை மூச்சைப் பிடித்துக்கொண்டு 100 போட்டேன். சின்ன வயதில் வாத்தியார் போடச் சொன்னதைப் போட்டுவிட்டு நேரே விளையாட ஓடியவன்தானே என்ற திமிர். அன்றைக்கு முழுக்க ஒன்றுமே இல்லை. ராத்திரி சாப்பிடும்போது பெருமை வேறு அடித்துக்கொண்டேன். "மூணு போட்டாலே பிள்ளையார் விட்டுடுவார், உங்களுக்கு எதுக்கு நூறு?" என்றாள் மனைவி.

ஞாயிறு விடிந்ததும் டாய்லெட்டில் விஷயம் தெரிந்தது. எங்கள் வீட்டில் குந்தி உட்காரும் பழைய மாதிரிதான். குழாயைப் பிடித்துத் தொங்கித்தான் எழுந்தேன். திங்கள் அதைவிட மோசம். இங்கே டீக்கடை ஸ்டூல் முழங்கால் உயரம்கூட இருக்காது. பாதி தூரம் உட்கார்ந்தேன், மீதி தூரம் விழுந்தேன். பக்கத்து மேஜைக்காரர் கப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

அந்த இரண்டு நாளும் என்னைக் காப்பாற்றியது பால்கனிக் கயிறு. ரங்கூனைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: லிஃப்ட் இல்லாத பழைய கட்டடங்களில் மாடிக்கு மாடி தெரு வரைக்கும் கயிறு தொங்கும். நுனியில் ஒரு கிளிப். கீழே வந்தவர் இழுத்தால் மேலே மணி அடிக்கும். பேப்பர், கறிவேப்பிலை, சாப்பாட்டுப் பொட்டலம் எல்லாம் அதிலேயே ஏறி வரும்.

தொடையில் என்ன நடக்கிறது என்பதற்கும் அதே கயிறுதான் உதாரணம். ஒரு பையை மேலே இழுக்கும்போது கை அசந்துபோகும், அவ்வளவுதான். அதே பையை மெதுவாகக் கீழே இறக்கிப் பாருங்கள், விட்டுக்கொடுத்துக்கொண்டே பிடித்து நிறுத்த வேண்டும், உள்ளங்கை எரியும். தசைக்கும் அப்படித்தான். தோப்புக்கரணத்தில் கீழே போகும்போதும், படி இறங்கும்போதும், டம்பெல்லைத் தாழ்த்தும்போதும் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசையில் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னச் சிதைவுகள் வருகின்றன. உடம்பு அதைச் சரிசெய்யக் கிளம்பும்போது வலி தலை தூக்குகிறது. அதனால்தான் உடனே தெரியாமல் பன்னிரண்டு மணி நேரம், ஒரு நாள் கழித்துத் தெரிகிறது. பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம், ஒரு வாரத்துக்குள் போய்விடும். தசைக்குள் ஏற்படும் கிழிசல்தான் இதற்குக் காரணம் என்று தியோடர் ஹஃப் என்ற அமெரிக்கர் 1902-லேயே எழுதிவிட்டார். ஆனாலும் இன்றைக்கும் ஜிம்மில் யாராவது "அது லாக்டிக் ஆசிட் பாஸ்" என்பார்கள். கடுமையாக உழைக்கும்போது தசையில் சேரும் அந்தப் பொருள் (லாக்டேட்) பயிற்சி முடிந்து ஒரு மணி நேரம் போல ஆனாலே பழைய அளவுக்கு இறங்கிவிடும், மறுநாள் வலிக்கு அது பொறுப்பில்லை.

எனக்கு எது கேட்டது என்றால், நடைதான். ஞாயிறு முழுக்கப் படுத்துக் கிடந்ததில் இன்னும் இறுகியது. திங்கள் சாயங்காலம் காண்டாஜி ஏரிக்கரையில் கிழவன் மாதிரி அரை மணி நேரம் நடந்தேன். முதல் பத்து நிமிஷம் நரகம், அப்புறம் இளகியது. (வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் திரும்பப் பிடித்துக்கொண்டது, அது வேறு.) அம்மா நல்லெண்ணெயைச் சுடவைத்துத் தேய்த்துவிட்டு வெந்நீர் ஊற்றினார். தற்காலிகமாக இதமாக இருந்தது. காலை நீட்டி வளைத்து ஸ்ட்ரெட்ச் செய்தால் போய்விடும் என்பார்கள். ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் அதில் கிடைக்கும் பலன் மிகச் சொற்பம் என்கிறார்கள், என் அனுபவமும் அதுதான். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு அதே பயிற்சியைச் செய்வது மட்டும் வேண்டாம். கிட்னி, அல்சர் தொந்தரவு உள்ளவர்கள் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் பக்கமே டாக்டரைக் கேட்காமல் போகக் கூடாது.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிறுநீர் கோலா நிறத்தில், கறுத்த டீ நிறத்தில் போனாலோ, தசை கடுமையாக வீங்கிக் கை கால் தூக்க முடியாமல் போனாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். சிதைந்த தசையிலிருந்து வரும் புரதம் ரத்தத்தில் கலந்து கிட்னியைக் கெடுத்துவிடக்கூடும். வெயிலில், தண்ணீர் குடிக்காமல், முதல் நாளே வெறியோடு செய்பவர்களுக்கு இது வரும். எங்கள் ஊர் ஏப்ரல் வெயிலில் யாருக்கும் வரலாம். அதேபோல் ஒரே பக்கம், மூட்டுக்குள், செய்துகொண்டிருக்கும்போதே சுரீரென்று பிடித்தால் அது நீங்கள் கேட்கும் வலி இல்லை, காயம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நிறுத்த வேண்டாம், ஆனால் தொடைக்கு இன்னும் இரண்டு மூன்று நாள் லீவு விடுங்கள். அதுவரை கை, தோள், நடை என்று போகட்டும். பிறகு அன்றைக்குச் செய்ததில் பாதியிலிருந்து தொடங்குங்கள். ஒருமுறை அடிபட்ட தசை அதே வேலைக்கு அடுத்த முறை அவ்வளவு வலிக்காது. அந்தப் பாதுகாப்பு சில வாரங்களாவது நிற்கும். நான் அடுத்த சனிக்கிழமை 20 போட்டேன், மறுநாள் லேசான கனம், அவ்வளவே. வாரத்துக்குப் பத்து என்று கூட்டி, இப்போது 80-இல் நிற்கிறேன்.

பேப்பர் மட்டும் இன்னும் கயிற்றில்தான் வருகிறது. அதற்குத் தொடை காரணமில்லை.