ரைபோசோம் கூடினால் குடல் புற்றுநோயா? அப்பாவுக்குப் புரதத்தைக் குறைக்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 58. பெருங்குடலில் புற்றுநோய், மூன்றாம் நிலை. அறுவை சிகிச்சை முடிந்து, இப்போது ஆக்சாலிபிளாட்டினும் ஃபுளோரோயுராசிலும் சேர்ந்த கீமோ போய்க்கொண்டிருக்கிறது. செல்லுக்குள் ரைபோசோம் அளவுக்கு மீறி உற்பத்தியாவதால்தான் இந்தப் புற்றுநோய் வளர்கிறது என்று படித்தேன். புரதம் செய்வதே ரைபோசோம்தானே, அப்பாவின் சாப்பாட்டில் புரதத்தைக் குறைத்தால் நல்லதா? ரைபோசோமைப் பார்க்கப் பரிசோதனை, கட்டுப்படுத்த மருந்து ஏதாவது உண்டா? எனக்கு வயது 34.

பதில்: முதலில் சாப்பாடு. புரதத்தைக் குறைக்காதீர்கள், குறைத்திருந்தால் இன்றே பழையபடி கொடுங்கள். உண்ணும் புரதம் அமினோ அமிலங்களாக உடைந்துதான் ரத்தத்துக்குப் போகிறது. வெளியிலிருந்து வருவது குறைந்தால், உடம்பு தன் தசையைக் கரைத்து அந்த அமினோ அமிலங்களை ரத்தத்தில் விடும். கட்டிக்கு வேண்டியது எப்படியும் கிடைத்துவிடும், இளைத்துப்போவது அப்பாதான். கீமோ நடக்கும்போது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் ஒன்றரை கிராம் வரை தினமும் புரதம் வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, நீங்கள் படித்தது தவறா என்றால், தவறில்லை. குடலின் உள்தோல் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை புதிதாகிறது. அடிக்குழியில் இருக்கும் தண்டு செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும். பிறந்த செல்கள் மேலேறி, முதிர்ந்து, உதிர்ந்துவிடும். இரண்டாகப் பிரியப்போகிற செல் தன் ரைபோசோம்களையும் இரு மடங்காக்கியாக வேண்டும். ஒரு ரைபோசோமில் நான்கு ஆர்.என்.ஏ. இழைகளும் சுமார் 80 புரதங்களும் இருக்கின்றன. செல் செய்கிற வேலைகளில் இவ்வளவு செலவு பிடிக்கும் வேலை அதிகம் கிடையாது. அதனால் வழக்கமாக இது கடுமையான கட்டுப்பாட்டில் இருக்கும், முதிர்ந்த செல்லில் தானாகவே குறைந்துவிடும்.

பெரும்பாலான பெருங்குடல் புற்றுநோய்களில் முதலில் கெடுவது ஏ.பி.சி. என்ற மரபணு. அது கெட்டதும் மிக் என்ற இன்னொரு மரபணு அணையாமல் எரிய ஆரம்பிக்கிறது. ரைபோசோம் உற்பத்தியின் எல்லாப் படிகளையும் முடுக்கிவிடுவது இந்த மிக்தான். முதிர்ந்து ஓய வேண்டிய செல் பிரிந்துகொண்டே போகும். ரைபோசோம் உருவாகும் இடமான நியூக்ளியோலஸ் இதில் பெருத்துவிடுவதால், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே மைக்ராஸ்கோப்பில் இதைக் கவனித்திருக்கிறார்கள். ஆகவே பெருகிய ரைபோசோம் நோயின் முதல் காரணம் அல்ல. அதற்கு முன்பே மரபணு கெட்டுவிட்டது. ஆனால் ரைபோசோம் இல்லாமல் கட்டி வளரவும் முடியாது.

இதில் ஒரு முரணும் இருக்கிறது. ரைபோசோம் புரதங்களுக்கான மரபணுக்களில் பிறவியிலேயே குறை உள்ளவர்களுக்கு டைமண்ட்-பிளாக்ஃபேன் என்ற அரிய ரத்தசோகை வருகிறது. உற்பத்தி குறைந்த அவர்களுக்கும் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்! கூடினாலும் ஆபத்து, கெட்டாலும் ஆபத்து. 'ரைபோசோமைக் குறைத்தால் நோய் போய்விடும்' என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

மருந்து உண்டா என்று கேட்டீர்கள். உங்கள் அப்பாவின் கையில் ஏறிக்கொண்டிருப்பதே அதுதான். ஆக்சாலிபிளாட்டின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தித்தான் செல்லைக் கொல்கிறது என்று வெகுகாலம் நினைத்தோம். அதன் உறவுக்கார மருந்தான சிஸ்பிளாட்டின் அப்படித்தான் வேலை செய்கிறது. ஆனால் ஆக்சாலிபிளாட்டின் முக்கியமாக ரைபோசோம் உற்பத்தியைக் குலைத்துத்தான் கொல்கிறது என்று 2017-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உற்பத்தி பாதியில் நின்றால், சேராமல் மிஞ்சிய ரைபோசோம் புரதங்கள் பி53 என்ற காவல் புரதத்தை உசுப்பிவிடும். செல் பிரிவது நிற்கும் அல்லது செத்துப்போகும். 1957-இல் அறிமுகமான ஃபுளோரோயுராசிலும் டி.என்.ஏ.வைத் தடுக்க உருவாக்கப்பட்டதுதான். அதுவும் ஆர்.என்.ஏ.வுக்குள் புகுந்து ரைபோசோம் முழுமையடைவதைக் கெடுக்கிறது. வேகமாகப் பிரியும் நல்ல செல்களும் இதில் அடிபடுவதால்தான் வாய்ப்புண்ணும் பேதியும் வருகின்றன. பேதி நிற்காமல் போனாலோ காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ அடுத்த கீமோ தேதி வரை காத்திருக்காதீர்கள், உடனே அழைத்துப்போங்கள்.

ரைபோசோம் உற்பத்தியை மட்டும் குறிவைக்கும் புதிய மருந்துகளும் ஆய்வில் இருக்கின்றன. அவற்றில் அதிகம் பேசப்படுவது சி.எக்ஸ்-5461. ஆனால் அது டி.என்.ஏ.வையும் தாக்குகிறது என்று பின்னால் தெரியவந்தது, நினைத்த அளவுக்குக் குறி துல்லியமில்லை. இப்போதைக்கு அதைத் தேடி அலைய வேண்டாம்.

ரைபோசோமுக்கென்று தனிப் பரிசோதனையும் வேண்டாம், அதை வைத்து யாரும் சிகிச்சையை மாற்றுவதில்லை. அறுவை சிகிச்சையில் எடுத்த பகுதியின் பயாப்ஸி அறிக்கையில் எத்தனை நெறிக்கட்டிகளில் நோய் இருந்தது, டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் வேலை கட்டியில் கெட்டிருக்கிறதா என்று பார்க்கும் எம்.எஸ்.ஐ. பரிசோதனை என்ன சொல்கிறது என்று கேளுங்கள். சிகிச்சை முடிவுகளுக்கு உதவுவது அவைதான்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. அப்பாவுக்கு 60 வயதுக்குள் வந்திருப்பதால், நீங்களும் உடன்பிறந்தவர்களும் 40 வயதில் கொலோனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும், அதன்பின் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. அப்பாவின் எம்.எஸ்.ஐ. முடிவு பரம்பரை நோயைச் சுட்டினால் 40 வரைகூடக் காத்திருக்கக்கூடாது. அந்த அறிக்கை வந்ததும் மரபியல் ஆலோசகரைப் பாருங்கள்.