மசாலா டீ குடித்தால் சர்க்கரை குறையுமா?

கேள்வி: எனக்கு 58 வயது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். பட்டை, கிராம்பு, ஏலக்காய், சுக்கு, மிளகு, அதிமதுரம் எல்லாம் அரைத்த பொடியைப் போட்டு மருமகள் டீ தருகிறாள். தினமும் நான்கு முறை, இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு குடிக்கிறேன். பட்டை சர்க்கரையைக் குறைக்கும் என்கிறார்களே, மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாமா? - வாசகி, திண்டுக்கல்

பதில்: மாத்திரையைக் குறைக்க வேண்டாம் அம்மா. டீயையும் அடியோடு விட வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பொடியில் இருந்து அதிமதுரத்தை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

தொண்டைக் கட்டுக்கு ஒரு துண்டு அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்வது நம் ஊரில் பழைய வழக்கம். இரண்டு மூன்று நாளைக்கு என்றால் பெரும்பாலோருக்குத் தொந்தரவு இருக்காது. தினமும் நான்கு வேளை என்பது வேறு கதை. அதில் உள்ள கிளிசிரைசின் என்ற பொருள், உடம்பில் உப்பையும் நீரையும் தங்கவைக்கும். பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும். ரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கலாம், தசை சோர்ந்துபோகலாம். உங்கள் அழுத்த மாத்திரை சிறுநீரை அதிகமாக்கும் வகையாக இருந்தால் பொட்டாசியம் இன்னும் இறங்கும். மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அடுத்து பட்டை. அதை வைத்துச் செய்த ஆய்வுகளில் சிலவற்றில் வெறும் வயிற்றுச் சர்க்கரை கொஞ்சம் குறைந்தது, சிலவற்றில் குறையவில்லை. அவற்றில் பெரும்பாலும் கிராம் கணக்கில் பட்டைத்தூள் கொடுத்தார்கள். டீயில் போடும் சிட்டிகைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அப்படியானால் ஸ்பூன் ஸ்பூனாகச் சாப்பிடலாமா என்று கேட்பீர்கள். கூடாது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் தடித்த, கடினமான பட்டை பெரும்பாலும் காசியா வகை. அதில் கூமரின் என்ற இயற்கைப் பொருள் அதிகம். அளவு மீறினால் கல்லீரலைப் பாதிக்கும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் கூமரின்தான் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் தினசரி வரம்பு. அறுபது கிலோ ஆளுக்கு ஒரு டீஸ்பூன் காசியாத் தூளே அந்த வரம்பைத் தாண்டிவிடலாம். மெல்லிய தாள்கள் சுருண்டதுபோல் இருக்கும் இலங்கைப் பட்டையில் கூமரின் மிகக் குறைவு.

சரி, சர்க்கரைக்கு வருவோம். இரண்டு ஸ்பூன் என்றால் சுமார் 8 முதல் 10 கிராம். நான்கு டம்ளருக்கு 40 கிராமை நெருங்குகிறது, பாலில் இருப்பது தனி. முடிந்தால் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது சாதாரண ஆட்களுக்கு. பட்டை குறைக்கும் என்று நம்பிக் குடிக்கிற டீயே உங்கள் சர்க்கரையை ஏற்றிக்கொண்டிருக்கிறது! இரண்டு வேளையாக்குங்கள், சர்க்கரை இல்லாமல் குடித்துப் பழகுங்கள். ஏலக்காய் மணம் இருந்தால் இனிப்பில்லாத குறை அவ்வளவாகத் தெரியாது. வெல்லம், நாட்டுச்சர்க்கரை என்று மாற்றுவதால் ஒன்றும் ஆகாது, அதுவும் சர்க்கரைதான்.

மற்றவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். குமட்டலுக்கு இஞ்சி உதவும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது, கர்ப்பிணிகளிடமே பார்த்திருக்கிறார்கள். ஏலக்காயும் சோம்பும் வயிற்று உப்புசத்துக்கு இதமாக இருக்கும். கிராம்பில் இருக்கும் யூஜினால் மரத்துப்போகச் செய்யும் என்பதால்தான் பல்வலிக்குக் கிராம்புத் தைலம் வைக்கிறோம். டீயில் விழும் அளவில் இவை மணத்துக்கும் சுவைக்கும் நல்லவை, அவ்வளவுதான். நெஞ்செரிச்சல் இருந்தால் மிளகையும் சுக்கையும் குறைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் சுக்கையும் இஞ்சியையும் மருந்துபோல நிறைய எடுப்பதற்கு முன் தங்கள் டாக்டரைக் கேட்க வேண்டும்.

இரும்புச்சத்து மாத்திரையும் எடுக்கிறீர்கள் என்றால் டீக்கும் அதற்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். டீயில் உள்ள டானின் இரும்பை உடம்பில் சேரவிடாது. சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதும் இதனால்தான் நல்லதில்லை.

இந்த வாரமே ரத்த அழுத்தம், பொட்டாசியம், மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி மூன்றையும் பார்த்துவிடுங்கள். உங்கள் டாக்டரிடம் போகும்போது அந்தப் பொடியில் என்னென்ன சேர்த்தது என்று மருமகளிடம் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.